த்ரீபேஸ் நேரத்தில் ஐஸ்கிரீம்

என் மனைவிக்குத் தொண்டையில் புற்றுநோய். கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து புதுச்சேரியிலிருந்து கள்ளக்குறிச்சிக்குத் திரும்பும்போது டாக்டர் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி அனுப்பினார். எடை இதற்கு மேல் குறைந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் உணவு கொடுக்க வேண்டும். அவளுக்கோ கஞ்சி எரிந்தது, மோர் எரிந்தது, இளநீர்கூட எரிந்தது. குளிர்ச்சியாகவும் வழவழப்பாகவும் இருப்பது மட்டும் உள்ளே இறங்கியது.

சென்னையிலிருக்கும் அவள் தம்பிதான் ஐஸ்கிரீம் மெஷினை அனுப்பிவைத்தான். உள்ளேயே கம்ப்ரசர் உள்ள ரகம். கிண்ணத்தை முதல் நாளே ஃப்ரீசரில் வைக்கும் வேலை இல்லை. கலவையை ஊற்றிப் பொத்தானை அழுத்தினால் அதுவே குளிர்வித்துக் கடைந்து கொடுத்துவிடும். லாரியில் அதைப் படுக்கவைத்தே கொண்டுவந்திருப்பார்கள் என்று, ஒரு முழு நாள் நிமிர்த்தி வைத்த பிறகுதான் கரண்ட் கொடுத்தேன். அவசரப்பட்டால் கம்ப்ரசர் போய்விடும் என்று குறிப்பேட்டில் இருந்தது.

கலவை எனக்குப் பிடிபட நாளானது. வெனிலா எசென்ஸ் எரிந்தது, ஏலக்காயும் எரிந்தது. கடைசியில் பால், க்ரீம், சர்க்கரை, ஆஸ்பத்திரியில் கொடுத்த புரதப் பொடி, இவற்றோடு பஸ் ஸ்டாண்ட் அருகே கல்வராயன் மலைக்காரர்கள் கூடையில் விற்கும் சீத்தாப்பழம் என்று முடிவானது. அதன் சதையை இரண்டு முறை சலித்தேன். ஒரு திப்பி தங்கினாலும் அவளுக்கு இருமல் வந்துவிடும். செய்தவுடன் மெஷினிலிருந்தே கொடுக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் பனித்துகள் கட்டிவிடும். அது தொண்டையில் குத்துகிறது என்றாள். வாயை மரத்துப்போகச் செய்யும் மருந்தைக் கொப்பளித்த பிறகு அரை மணி நேரந்தான் அவளால் விழுங்க முடியும். மதியம் அந்த நேரத்துக்கு ஐஸ்கிரீம் தயாராக இருந்தாக வேண்டும்.

ஒரு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு வயல் மோட்டார்களுக்கான த்ரீபேஸ் கரண்டை மின்வாரியத்தில் இரவிலிருந்து பகலுக்கு மாற்றினார்கள்.

எங்கள் வீடு கச்சிராயபாளையம் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் இருக்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் கரும்பு. வீடுகளுக்கும் அந்தத் தோட்டத்து மோட்டாருக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். மோட்டார் ஓடத் தொடங்கியதும் எங்கள் ஃபேன் தளர்ந்துவிடும், ஸ்டெபிலைசர் டக்கென்று அணைந்துவிடும். நேரடியாக இணைத்தால் கம்ப்ரசர் ஒரு தரம் உறுமிவிட்டு நின்றுபோகும். நின்றதை உடனே போடவும் கூடாது, சற்று ஓயவிட வேண்டும். நான் ஓயவிட்டுப் போடுவதற்குள் அவளுடைய அரை மணி கரைந்துவிடும். பாதி குளிர்ந்த பாலைக் கொண்டுபோய் நீட்டுவேன். இரண்டு வாய் குடித்துவிட்டுத் தள்ளிவிடுவாள்.

கரும்புத் தோட்டக்காரரிடம் போய்க் கேட்டேன். என்னைவிட மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

"மத்தியானத்துல ஒரு மணி நேரம் மோட்டார நிறுத்தி வெக்க முடியுமாண்ணே?"

"இன்னாத்துக்கு சார்?"

"ஐஸ்கிரீம் மெஷின் ஓட மாட்டேங்குது."

வரப்பில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "கேட்டியாடி, சார் வூட்ல ஐஸ் துன்னணுமாம், நாம கரும்பக் காயப் போடணுமாம்!" என்று தூரத்தில் நின்ற மனைவியிடம் கத்தினார்.

"எனக்கும் ஒரு கப்பு வேணும்னு சொல்லு!" என்று அந்த அக்கா திருப்பிக் கத்தினார்.

நானும் சிரித்துவிட்டு வந்தேன். காரணத்தைச் சொல்ல முடியாது. தைராய்டு ஆபரேஷன் என்றுதான் தெருவில் சொல்லியிருந்தோம். புதுச்சேரிக்குப் போகும் முன்பே அவள் என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். "எங்க அம்மா நோவுல கெடந்தப்ப ஊரே வந்து வந்து பாத்தே சாவடிச்சாங்க. ஆப்பிள் வாங்கினு வருவாங்க, பக்கத்துல ஒக்காந்து அழுவாங்க. எனக்கு அது வேணாங்க." கதிர்வீச்சில் கருத்துப்போன கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டுதான் வாசலுக்கே வருவாள்.

அடுத்த தடவை புதுச்சேரியில் எடை பார்த்தார்கள், குறைந்திருந்தது. இன்னும் ஒரு வாரம் பார்ப்போம், இல்லையென்றால் குழாய்தான் என்றார் டாக்டர். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். மூக்கில் குழாயோடு ஒருத்தியைப் பார்த்தால் தெருவுக்கு எதையும் சொல்ல வேண்டியதில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

மறுநாள் மதியம் கலவையை ஊற்றி வைத்துவிட்டு மோட்டார் கொட்டகைக்குப் போனேன். "தைராய்டு இல்லண்ணே" என்று ஆரம்பித்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் உள்ளே போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார்.

"தெனமுமா சார்?"

"தெனமுந்தான். அக்காவுக்குத் தெரிய வேணாம்ணே."

"மோட்டாரு ஏன் ஓடலன்னு அவ கேப்பாளே. நான் இன்னான்னு சொல்லட்டும்?"



வீட்டுக்கு வந்தபோது ஃபேன் வேகமாகச் சுற்றியது. கம்ப்ரசர் சீராக ஓடி, கலவை கெட்டிப்பட்டது. மருந்தைக் கொப்பளித்துவிட்டு அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மதில் பக்கம் மோட்டார் சத்தமே இல்லை.

"சொல்லிட்டிங்களா?" அவள் குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

"சொல்லிட்டேன்."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்காமலேயே, கண் கலங்கக் கலங்க ஒவ்வொரு வாயாக விழுங்கி முழுதும் காலி செய்தாள். நெடுநாளுக்குப் பிறகு ஒரு கிண்ணம் முழுதாக இறங்கியது. எனக்கு வந்திருக்க வேண்டிய சந்தோஷம் வரவில்லை.

"இனிமே வருவாங்க" என்றாள்.

"நான் தடுத்துடறேன்."

"எப்பிடித் தடுப்பிங்க? நம்பளுக்காக மோட்டார நிறுத்தறவங்கள வாசல்லயே நிக்க வெப்பிங்களா?"

அன்று சாயங்காலமே அந்த அக்கா வந்துவிட்டார். கையில் ஒரு பை. கண்கள் சிவந்திருந்தன. நான் கேட்டைத் திறக்காமல் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அவ தூங்கறா அக்கா."

சொல்லி வாய் மூடவில்லை, உள்ளிருந்து அவள் இருமினாள். நெடுநேரம் அடங்காத இருமல். கேட்டுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவரும் அது ஓயும் வரை அப்படியே நின்றுகொண்டிருந்தோம்.