லட்சுமணன் வீட்டு உயரமான டேங்க்

முப்பது வருடமாகக் கண்ணாடி அறுக்கிறேன். கண்ணமங்கலம் மெயின் ரோட்டில் மீன் தொட்டிக் கடை. ரீஃப் டேங்க், அதாவது உப்புத் தண்ணீரில் பவளமும் கடல் மீனும் வைக்கும் தொட்டி, இந்தப் பக்கம் கேட்பவர்கள் குறைவு. யாராவது கேட்டு வந்தால் நான் சொல்லும் அளவு ஒன்றுதான்: நான்கடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். தண்ணீரின் மேல்பரப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவு காற்று உள்ளே போகும். உயரம் குறைந்தால் லைட் அடிவரை இறங்கும். பவளத்தை நகர்த்தப் போனால் கை தரையைத் தொடும். வருகிறவர்களுக்கெல்லாம் இதை வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்ன நானே ஒரு வீட்டுக்கு நேர்மாறாகச் செய்து கொடுத்தேன். இந்தத் தொழிலில் சரியானதை யாரிடமும் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். என் தப்பை நான்தான் சொல்லியாக வேண்டும்.

1. போனில் எடுத்த அளவு

புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மலை ஊரிலிருந்து லட்சுமணன் போன் செய்தார். வளைகுடா நாட்டில் பெரிய அக்வேரியம் ஒன்றில் ஆறு வருடம் தொட்டி சுத்தம் செய்தவர். ஊருக்குத் திரும்பிவிட்டார். உப்பு கலப்பது, தண்ணீர் டெஸ்ட் செய்வது எல்லாம் அவருக்கும் எனக்குச் சமமாகத் தெரியும். டேங்க் மட்டும்தான் என்னிடம் கேட்டார்.

"அண்ணா, நீட்டா அகலமா வேணும். ஒசரம் கம்மியா இருக்கட்டும். கட்டலு பக்கத்துல வக்கணும்ங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. வெளிநாடு போய் வந்தவர், ஹோட்டல் ரூம் மாதிரி படுத்துக்கொண்டு மீன் பார்க்க ஆசைப்படுகிறார் போல என்று நினைத்தேன். கட்டிலில் யார் படுத்திருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. ஒரு கேள்விதான். கேட்கவில்லை.

அளவு சரி, கொண்டு போவதுதான் சிக்கல். திருப்பத்தூர் வரை வேன். அதற்கு மேல் ஷேர் ஜீப். திருப்பத்தூர் போய் ஜீப்பை அளக்கப் பார்த்தேன். டிரைவர் என் டேப்பைப் பார்த்ததுமே கையை விரித்துவிட்டார்.

"நாலு அடிப் பொட்டிய எங்க வக்கிறது? ரெண்டு பக்கமும் ஜனம் குந்தினு வரும். நடுவுல நிக்க வக்கிற மாதிரி இருந்தா எத்தினு வா. இல்லன்னா வுடு."

இதை லட்சுமணனிடம் சொன்னேன். அவரிடம் வழி தயாராக இருந்தது.

"கண்ணாடியத் தனித்தனியா எடுத்தாந்துடுங்கண்ணா. எங்க வூட்லயே வச்சி ஒட்டுங்க. நாலு நாளு இருந்து சாப்ட்டுப் போங்க."

சரியான வழி அதுதான். ஒட்டிய சிலிக்கான் காய வேண்டும், பிறகு தண்ணீர் நிரப்பிக் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு நாள் ஆகும். கடையை யார் பார்ப்பார்கள் என்று சாக்குச் சொன்னேன். உண்மையில் மலையில் தங்க எனக்குச் சோம்பல்.

அதனால் ஜீப்புக்கு ஏற்ற மாதிரி டேங்க் கட்டினேன். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, இரண்டரை அடி உயரம், பன்னிரண்டு எம்எம் கண்ணாடி. "நின்னாதான் தொட்டி களையா இருக்கும், நீ பாரு" என்று வேறு அவரிடம் அளந்துவிட்டேன். "நீங்க சொன்னா சரிதாண்ணா" என்றார் அவர்.

2. கட்டில்

வீட்டுக்குள் நுழைந்ததும் கயிற்றுக் கட்டிலில் ஓர் அம்மா படுத்திருந்தார். லட்சுமணன் மனைவி சின்னப்பொண்ணு. கணவர் வெளிநாட்டில் இருந்தபோது புளி உலுக்க மரம் ஏறி விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. உட்கார வைத்தால் சாய்ந்துவிடுவார். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் லட்சுமணன் வீடியோ காலில் அந்த அக்வேரியத்தைக் காட்டியிருக்கிறார். அந்தம்மா ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே பொருள் அதுதானாம்.

ரீஃப் டேங்குக்கு அடியில் ஃபில்டர் தொட்டி இருக்கும். அதனால் ஸ்டாண்ட் இரண்டரை அடி. அதன் மேல் டேங்க் இரண்டரை அடி. ஏற்றி முடித்தபோது தண்ணீர் மட்டம் என் கண்ணுக்கு நேராக இருந்தது. கட்டிலோ முழங்கால் உயரம்.

நான் குந்தி, அந்தம்மாவின் தலைக்குப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஸ்டாண்டின் கதவும் தொட்டியின் அடி மணலும்தான் தெரிந்தன.

"கட்டலுக்குக் கல்லு குடுத்துத் தூக்கலாமா?" என்றேன்.

"தூக்கிட்டா நான் ஒருத்தன் அவள எறக்க முடியாதுண்ணா" என்றார் லட்சுமணன்.

"அடுத்த மாசம் அகலமா ஒண்ணு கட்டியாறேன். இங்கயே தங்கி ஒட்டித் தர்றேன்" என்று அந்தம்மாவிடமே சொன்னேன்.

"பரவால்லங்கண்ணா, மெதுவா வாங்க" என்றார் அவர்.

மெதுவாக என்று சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். அடுத்த மாதம் கல்யாண சீசன், அதற்கடுத்த மாதம் ஒரு ஸ்கூல் ஆர்டர். இதற்கிடையே லட்சுமணன் தண்ணீரைப் பக்குவப்படுத்தி, ஆறு கடல் மீன் விட்டார். சட்டப்படி பில்லோடு வாங்கிய மென்பவளம் வைத்தார். பவளத்துக்கு வெளிச்சம் வேண்டுமே, அதைப் பாறை உச்சியில்தான் வைக்க முடிந்தது. மீன்களும் அதைச் சுற்றி மேலேயே திரிந்தன.

"அவளுக்கு எப்பனா வாலுதாங்க தெரியுது" என்று ஒருநாள் போனில் சொன்னார். குறையாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது, அவர் மேல். நச்சரிக்கிறார் என்று நினைத்தேன். எப்பேர்ப்பட்ட ஆள் நான்!

3. கரண்ட்

ஒரு சாயங்காலம் மலையில் பேய்க்காற்று. லைன் மேல் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் முதல் நாளே அணைந்துவிட்டது. பேட்டரி ஏர் பம்பில் போட்ட செல்லும் தீர்ந்தது. கடைக்குப் போகலாமென்றால் ஜீப் வரவில்லை. மோட்டார் நின்றால் ரீஃப் டேங்கில் காற்று மேல்பரப்பு வழியாக மட்டும்தான் இறங்கும். நான் கட்டிய டேங்கின் மேல்பரப்பு ஒரு பெரிய சாப்பாட்டுத் தட்டு போட்டால் பாதி அடைபட்டுவிடும்.

லட்சுமணன் ஸ்டூல் மேல் நின்று சொம்பில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றியிருக்கிறார். இறங்கி மனைவியைப் புரட்டிப் போடுவார், மறுபடி ஏறுவார். இரண்டாம் நாள் மத்தியானம் சுவரில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். எழுந்தபோது ஆறு மீனும் செத்திருந்தன. அடுத்த சில நாளில் பவளமும் கரைந்து தண்ணீர் பால் மாதிரி ஆனது.

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. டேங்கை எடுத்துப் போய்விடச் சொல்லித்தான் போன் செய்தார். நான் நான்கடிக் கண்ணாடிகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, நான்கு நாளுக்கு மாற்றுத் துணியோடு போனேன். வீட்டில் அழுகல் நாற்றம் இன்னும் இருந்தது.

"இங்கயே ஒட்டித் தர்றேம்மா. கட்டலு ஒசரத்துக்கே வச்சிடலாம்" என்றேன்.

சின்னப்பொண்ணு கூரையைப் பார்த்தபடியே பேசினார். "வேணாங்கண்ணா. அவரு தூங்கிட்டாரு. மேல அதுங்க இன்னா பாடு பட்டுச்சோ, எனக்குத் தெரியல. கொஞ்ச நேரத்துல ஒண்ணொண்ணா கீழ வந்துச்சிங்க, மணலுக்கு. அப்பதான் மொதல் தபா முழுசா பாத்தேன். நல்ல அழகு. அவரக் கூப்ட்டேன், எழுந்திருக்கல. ஆறும் வர்ற வரைக்கும் பாத்துனே இருந்தேன்."

கண்ணாடிகளைத் திரும்பக் கட்டி, காலி டேங்கையும் எடுத்துக்கொண்டேன். வரும் வழியில் ஜீப்பில் என்னை அறியாமல் அழுதேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளே, அளவெடுக்கப் போகும் வீட்டில் டேப்பைப் பிறகு எடுங்கள். பார்க்கப் போவது யார் என்று முதலில் கேளுங்கள். அவர் உட்காரும் இடத்தில் உட்காருங்கள், படுக்கும் இடத்தில் படுத்துப் பாருங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன், சில வீடுகளில் சிரிக்கிறார்கள். அகலம், உயரம், கண்ணாடி கனம் எல்லாம் அன்றைக்கும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. நான்கு நாள் மலையில் தங்கச் சோம்பல்பட்டேன், அவ்வளவுதான் நடந்தது.