தலைவரின் குரல் என்னிடம் இருந்தது

“…எண்டபடியால், அன்புக்கும் பெருமதிப்புக்கும் உரியவர்களே, இன்னும் ஒரே ஒரு நிமிசம். அதோட எல்லாரும் சாப்பிடப் போகலாம்.”

லண்டன் எட்மண்டனில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், எங்கள் ஊர் ஒன்றியத்தின் ஆண்டு விழா. சில வருடங்களுக்கு முந்திய கதை. மேடையில் நின்ற எங்கள் தலைவர் இப்படிச் சொல்லிக்கொண்டே வலது கைச் சுட்டுவிரலை உயர்த்திக் காட்டினார். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் என் காதுக்குள், “அந்த விரலைக் கண்டால் பயப்பிட வேணும். அது இறங்க அரை மணித்தியாலம் செல்லும்” என்றார். சொன்னபடியேதான் நடந்தது. சமையலறைப் பக்கமிருந்து ரோல்ஸ் பொரிக்கிற வாசம் வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் கதிரைகளுக்கு அடியால் ஓடித் திரிந்தார்கள். தலைவர் பேசிக்கொண்டேயிருந்தார். சலிக்காமல் கேட்டது நான் ஒருவன்தான். அன்றைக்கு பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது என்னுடைய விரலும் தானாக உயர்ந்தது.

நான் வாரநாட்களில் பார்சல் வான் ஓட்டுகிறவன். சனி, ஞாயிறுகளில் சங்கங்களுக்குப் போய் ஆட்களைச் சிரிக்க வைப்பேன். லண்டனுக்குள் மட்டுமில்லை, லண்டனை விட்டுத் தள்ளியிருக்கிற சின்னச் சின்ன ஊர்களிலும் நாற்பது ஐம்பது தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருப்பார்கள். பொங்கலுக்கு ஒரு விழா, கோடையில் ஒரு விழா. பரதநாட்டியத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் என்னைப் போடுவார்கள். ஒருவரிடமும் இதைப் படித்ததில்லை. ஒரு சால்வை, ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு கைப்பை, அவ்வளவுதான் என் பெட்டியில். மிச்சமெல்லாம் சனங்களிடம் கேட்டு எடுத்தது. அப்டன் பார்க்கில் ஒரு கடைக்காரர், “விலையைப் பார்த்தால் பசி போயிடும், பசியைப் பார்த்தால் விலை போயிடும், நீங்கள் எதையும் பாராமல் வாங்குங்கோ” என்பார். பஸ் தரிப்பில் ஒரு அம்மா சொன்னார்: “இந்த நாட்டு வெய்யில் சம்பந்தி வீட்டுச் சிரிப்பு மாதிரி. நம்பிக் கோட்டைக் கழட்டப்படாது.” இப்படி ஒன்று காதில் விழுந்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு தேவையில்லை.

ஆனால் எங்கே போனாலும் கடைசியில் ஆட்கள் கேட்பது தலைவரைத்தான். அவரைப் போலவே கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, வயிற்றைத் தள்ளி, ஒரு செருமல். அதற்கே மண்டபம் சிரிக்கத் தொடங்கிவிடும். அவரைத் தெரியாத ஊர்களிலும் சிரித்தார்கள். எல்லாச் சங்கத்திலும் அப்படி ஒருவர் இருந்தார் போல.

எங்கள் ஒன்றியத்தில் செய்யும்போது தலைவர் முன்வரிசையில் இருப்பார். சிரிக்க மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். முடிந்ததும் என்னிடம் வந்து, “தம்பி, ‘அன்பார்ந்த’ எண்டு நான் ஒருநாளும் தொடங்கிறேல்லை. ‘அன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய’ எண்டுதான் சொல்லுறனான். கவனியும்” என்பார். யாரோ ஒருவர் அவரிடம், “அண்ணை, உவன் உங்களைக் கிழிக்கிறான், நீங்கள் திருத்தம் சொல்லிக்கொண்டு நிக்கிறியள்” என்றாராம். “கிழிக்கட்டும். கிழிக்கிறதைச் சரியாக் கிழிக்கட்டும்” என்றாராம் அவர்.

பிறகு அவருக்குத் தொண்டையில் நோய் வந்தது. உயிரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் குரல்வளையை எடுக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எடுத்தார்கள். உயிர் மிஞ்சியது, குரல் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் தலைவரைச் செய்யவில்லை. ஆட்கள் கேட்டால் மறந்துபோச்சு என்பேன். மேடையில் நிற்கும்போது செருமல் வந்தாலும் விழுங்கிவிடுவேன்.

போன வருடத்துக்கு முந்திய வருடம், வசந்தகாலத்தில், தலைவரிடமிருந்து என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. வீட்டுக்கு ஒருக்கா வரவும் என்று.

தோர்ண்டன் ஹீத்தில் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் அவர் வீடு. போகிற வழியில் திரும்பிவிடலாமா என்று பலமுறை நினைத்தேன். கழுத்தில் ஒரு துணி சுற்றியிருந்தார். மெலிந்திருந்தார். போனில் எழுதி எழுதி என்னிடம் காட்டினார். சுகம் விசாரிப்பதே ஒரு பந்தி வந்தது. தேத்தண்ணி கொண்டுவந்த அவருடைய மனைவி, “குரல் போயும் விரல் ஓயேல்லைத் தம்பி. முந்திக் கேட்டால் போதும், இப்ப கண்ணாடி போட்டு வாசிக்க வேண்டிக் கிடக்கு” என்றார். தலைவர் தோள் குலுங்கச் சிரித்தார். சத்தம் வரவில்லை. அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகு விஷயத்தை எழுதினார். மகளுக்குக் கல்யாணம். வரவேற்பு எட்மண்டனில் ஒரு மண்டபத்தில். தகப்பன் பேச வேண்டும். ஊரெல்லாம் பேசிய மனுசன் மகள் கல்யாணத்தில் வாய் மூடி இருக்க ஏலாது.

“யாராவது வாசிக்கலாம்தானே அண்ணை?” என்றேன்.

மகள் கம்ப்யூட்டரில் அவருடைய பழைய பேச்சுகளைப் போட்டு ஒரு குரல் செய்து பார்த்தாளாம். மனைவிதான் சொன்னார். “அது மூச்சு விடாமல் கதைச்சுது தம்பி. பிள்ளை கேட்டுப்போட்டு, ‘அம்மா, this is not அப்பா’ எண்டு நிப்பாட்டிப் போட்டாள்.”

தலைவர் போனை என் பக்கம் திருப்பினார். ‘என்ர குரல் இப்ப உம்மட்டைத்தான் இருக்கு. ஒருநாளைக்குத் தாரும்.’

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். அவருடைய மனைவி நான் நினைத்ததைக் கேட்டுவிட்டார். “இந்தத் தம்பி வாயைத் திறந்தாலே சனம் சிரிக்குமப்பா. பிள்ளையின்ர கல்யாணத்தில உங்களைப் பாத்துச் சிரிச்சால் அவள் தாங்குவாளே?”

அவர் எழுதினார், அழித்தார், திரும்ப எழுதினார். ‘சனம் சிரிக்கப்படாது. பிள்ளை அழப்படாது. ரெண்டுக்கும் நடுவால போம்.’

ஒரு நிபந்தனை மட்டும் நான் வைத்தேன். அந்த ‘ஒரே ஒரு நிமிசம்’ வேண்டாம், அதைச் சொன்னால் மண்டபம் கவிழ்ந்துவிடும் என்றேன். முகம் வாடித்தான் தலையாட்டினார்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பார்சல் வானில் தனியாகத்தானே போகிறேன், அங்கேயே பழகினேன். குரொய்டனில் சிக்னலில் நிற்கும்போது பக்கத்துக் காரில் இருந்தவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் பார்சலைக் கொடுத்துவிட்டு வெள்ளைக்காரக் கிழவர் ஒருவருக்குத் தலைவரின் குரலிலேயே தேங்க்யூ சொல்லிவிட்டேன். அவர் என் தொண்டைக்கு ஏதோ மிட்டாய் எடுத்துத் தந்தார்.

என்னிடம் இருந்தது தலைவரின் குரல் இல்லை என்பது பழகப் பழகத்தான் தெரிந்தது. என்னிடம் இருந்தது சிரிப்பு வருகிற துண்டுகள் மட்டும்தான். செருமல், இழுவை, வயிறு. இவற்றைக் கழற்றி வைத்தால் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஒன்றியத்தின் பழைய விழா வீடியோக்களை வாங்கித் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒன்றில் பேச்செல்லாம் முடிந்து, ஒலிவாங்கியை நிறுத்த மறந்துவிட்டார்கள். மேடையை விட்டு இறங்குகிற தலைவர், கடைசி வரிசையில் நித்திரையால் எழும்பி வந்த, அப்போது சின்னப் பிள்ளையாயிருந்த மகளிடம், “பிள்ளை, சாப்பிட்டியே?” என்று கேட்கிறார். இரண்டே சொல். தணிந்த குரல். ‘பிள்ளை’க்குப் பிறகு ஒரு சின்ன மூச்சு. இத்தனை வருடம் அவரைக் கேட்டும் இந்தக் குரல் என் காதில் விழுந்ததேயில்லை. அதை நான் வானுக்குள் எத்தனை தரம் சொல்லிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

கல்யாண வரவேற்பு நாள். மத்தியானத்துக்கு முன்பே போய்விட்டேன். உள்ளே இருக்க முடியாமல் கார் நிறுத்துகிற இடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். மஞ்சள் சட்டை போட்ட காவலாளி வந்து, காரைத் தொலைத்துவிட்டாயா என்று இங்கிலிஷில் கேட்டான். நான் ரயிலில் வந்தவன் என்றேன். என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் போனான்.

உள்ளே மண்டபம் நிறைந்துவிட்டது. மேடையில் பொம்பிளையும் மாப்பிள்ளையும். மேடைக்குக் கீழே முன்வரிசையில், கழுத்தில் பட்டுத் துணி சுற்றி, தலைவர். நான் அறிவிப்பாளரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன், ‘தகப்பனாரின் வார்த்தைகள்’ என்று மட்டும் சொல்லுங்கள் என்று. அவரும் ஓம் ஓம் என்றார். ஆனால் கையில் ஒலிவாங்கியும் முன்னால் சனமும் இருந்தால் எங்கள் ஆட்களுக்குப் பொறுக்காது. “அடுத்ததா, எங்களை வயிறு குலுங்கச் சிரிக்க வைக்க வாறார், லண்டனின் நகைச்சுவை மன்னர்!” என்று இழுத்துவிட்டார்.

விசில் பறந்தது. மேடைக்குப் போய், “அன்புக்கும் பெருமதிப்புக்கும் உரியவர்களே” என்றேன். எவ்வளவு மெல்லமாகச் சொல்லியும் மண்டபம் வெடித்துச் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன், “அண்ணை, ஒரு நிமிசம்!” என்று கத்தினான். இன்னும் சிரிப்பு. பொம்பிளை தலையைக் குனிந்துவிட்டாள். குனிந்த தலைக்குக் கீழே அவள் கை சேலையைக் கசக்குவதை நான் கண்டேன். அவளுடைய தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வசனத்தையும் அதே மாதிரித் தொடங்கினால் முடிந்தது கதை.

பழக்கத்தில் போட்டு வந்திருந்த கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தேன். சனத்துக்கு முதுகைக் காட்டிப் பொம்பிளையின் பக்கம் திரும்பினேன். தலைவர் எழுதித் தந்த பேச்சில் இல்லாத ஒன்றைச் சொன்னேன்.

“பிள்ளை, சாப்பிட்டியே?”

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை, தகப்பனைத் தேடிப் பார்த்தாள். காலையிலிருந்து அவளை நூறு பேர் படமெடுத்திருப்பார்கள், சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். எங்கள் கல்யாணங்களில் பொம்பிளைக்கு மட்டும்தான் சாப்பாடு கிடைப்பதில்லை. “No அப்பா, இன்னும் இல்லை” என்றாள், அவரைப் பார்த்தபடியே. ஒலிவாங்கி அதையும் பிடித்துவிட்டது.

எனக்குப் பின்னால் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

அதற்குப் பிறகு அவர் எழுதித் தந்ததைச் சொன்னேன், அந்தத் தணிந்த குரலிலேயே, அவர் மூச்சு விடுகிற இடங்களில் மூச்சு விட்டு. “நான் மேடையளில நிண்டு கதைச்ச நேரமெல்லாம் நீ கடைசி வரிசையில ரெண்டு கதிரையைச் சேத்துப் போட்டு நித்திரை கொண்டனி. இந்த ஊரில இருக்கிற அத்தனை மண்டபத்துக் கதிரையளுக்கும் நான் நன்றி சொல்ல வேணும். இண்டைக்கு நீ மேடையில, நான் கதிரையில. இதுதான் முறை. மாப்பிள்ளைத் தம்பி, இவள் கோவம் வந்தால் கதைக்க மாட்டாள். கதைக்காத ஆளோட எப்பிடி இருக்கிறதெண்டு என்ர மனுசியிட்டைக் கேளும், அவ இப்ப நல்லாப் பழகியிட்டா.” இந்த இடத்தில் சனம் சிரித்தது. பொம்பிளையும் சிரித்தாள். ஆனால் அது வேறு சிரிப்பு. அதைத் தலைவரே வேண்டுமென்று எழுதியிருந்தார்.

முடித்தேன். கைதட்டல் உடனே வரவில்லை. அந்த இடைவெளியைத் தாங்க முடியாமல் அறிவிப்பாளர் ஓடி வந்து, “சரி, இனி எல்லாரும் சாப்பிடப்…” என்று தொடங்கினார். அப்போதுதான் தலைவர் கதிரையிலிருந்து எழும்பினார்.

இன்றைக்கும் சனி, ஞாயிறுகளில் நான் ஊர் ஊராகப் போகிறேன். ஆனால் ஒரு மனுசனின் குரலை எடுக்கும்போது, சிரிப்பு வராத அவருடைய இரண்டு சொல்லையாவது தேடி வைத்துக்கொள்ளாமல் நான் இப்போது பெட்டியைத் திறப்பதில்லை. அப்படித் தேடும்போதெல்லாம் என் கண்முன் வந்து நிற்பது தலைவர் அன்றைக்கு அதன்பின் செய்ததுதான். படியேறி வந்தார், அறிவிப்பாளரின் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினார், சபையைப் பார்த்தார், வலது கைச் சுட்டுவிரலை மெல்ல உயர்த்தினார். மண்டபம் சிரித்து, கைதட்டி, கண்ணைத் துடைத்து அடங்கிய பிறகும் அவர் விரலை இறக்காமல் ஒன்றும் பேசாமல் ஒரு நிமிசம் முழுக்க அங்கேயே நின்றார். ஒருவரும் சாப்பிட எழும்பவில்லை.