பச்சைத் துணி கட்டிய கேரியர்

சூடான எவர்சில்வரில் புளிக்குழம்பு வாசனை... அதோடு கொஞ்சம் சிமெண்ட் தூசி. அப்பாவின் டிபன் கேரியரை நினைத்தால் முதலில் வருவது இந்த வாசனைதான். அடுத்து வருவது பயம்.

கீழப்பழுவூர் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் பேக்கிங் வேலை. நான் அப்போது, 2002-இல், பெரம்பலூரில் எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி முதல் வருடம்.

ஆலைக்காரர்களின் மதியச் சாப்பாடு எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில்தான் போகும். டீக்கடை பெஞ்சில் கேரியர்களை வரிசையாக வைத்துவிட்டால் போதும், பதினோரு மணி டவுன் பஸ் கண்டக்டர் ஏற்றிக்கொண்டு போய் அங்கங்கே இறக்கிவிடுவார். பேர் கேட்க மாட்டார். மூடியைத் திறந்து பார்க்க மாட்டார். கைப்பிடியில் கட்டியிருக்கும் துணியை மட்டும் பார்ப்பார்.

சாப்பிட உட்காரும்போது அப்பா அந்தத் துணியை அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். சாப்பிட்டுக் கழுவியதும் திரும்பக் கட்டுவார்.

அந்த வாரம் அக்கா பிரசவத்துக்காக அம்மா குன்னம் போயிருந்தாள். சமையல் என் தலையில். அப்பாவுக்குச் சர்க்கரை வேறு. "காலைல மாத்திர போட்டுட்டு மத்தியானம் சோறு தள்ளிப்போச்சுன்னா மயங்கி வுழுந்துடுவாரு, பாத்துக்க" என்று நாலு தடவை சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். துணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பாள், பாவம்.

கேரியரில் இருந்த சிவப்புத் துணி பிசுக்கேறி நாறியது. எனக்குத்தான் சுத்தம் பெரிதாச்சே! அதைக் கழற்றி அடுப்பில் போட்டுவிட்டு, பழைய ஜாக்கெட்டில் பச்சையாக ஒரு துண்டு கிழித்து அழகாக முடிச்சுப் போட்டேன். அவரவர் வீட்டுக் கேரியருக்கு ஓர் அடையாளம், எந்த நிறமானால் என்ன என்று நினைப்பு. பெஞ்சில் வைத்துவிட்டுக் காலேஜுக்குக் கிளம்பிவிட்டேன்.

அன்றைக்கு எனக்கு செமினார். செல்லுக்குள் உருவாகிற புரதங்கள் அதனதன் இடத்துக்கு எப்படிப் போய்ச் சேருகின்றன என்பது தலைப்பு. ஒவ்வொரு புரதத்திலும் விலாசம் மாதிரி ஒரு சின்னத் துண்டு இருக்கிறது, மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஒன்று, உட்கருவுக்கு ஒன்று, போய்ச் சேர்ந்ததும் பல புரதங்களில் செல்லே அதை வெட்டி எடுத்துவிடும் என்று வாய் உலர உலரச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேடம் குறுக்கே கேட்டார். "வெலாசத்த மாத்தி ஒட்டுனா என்னம்மா ஆகும்?"

"அந்த எடத்துக்கே போயிடும் மேடம். உள்ள என்ன இருக்குன்னு செல்லு பாக்காது."

ஒரு உதாரணம் சொல்லச் சொன்னார். வேறென்ன, எங்கள் ஊர்க் கேரியரைச் சொன்னேன். கண்டக்டர், துணி, அப்பாவின் சட்டைப்பை... வகுப்பே சிரித்தது. "இன்னிக்குக்கூட புதுசா பச்சத் துணி கட்டி வச்சிட்டுத்தான் வந்தேன்" என்று பெருமையாக முடித்தேன்.

இரண்டாவது பெஞ்சில் இருந்த தமிழரசி புருவத்தைச் சுருக்கினாள். அவள் அண்ணனும் அதே ஆலைதான், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில்.

"ஏன்டி, பச்சன்னா சொரங்கத்துலல்ல எறக்குவாங்க? எங்கண்ணனுக்குப் பச்சதான். பேக்கிங்குக்குச் செவப்புடி."

மணி பன்னிரண்டே முக்கால். அப்பா சாப்பிடுகிற நேரம் பன்னிரண்டரை.

சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினேன். காலேஜ் வாசல் எஸ்.டி.டி. பூத்தில் ஆலை கேட் நம்பரைப் போடும்போது விரல் இரண்டு தடவை தப்பியது. செக்யூரிட்டி எடுத்தார்.

"பேக்கிங் ராமலிங்கமா? இம்புட்டு நேரம் இங்கதான்ம்மா ஒக்காந்திருந்தாரு. கேரியரு வல்லன்னு இப்பத்தான் உள்ள போனாரு."

"அண்ணே, அவருக்குச் சக்கர இருக்குண்ணே... ஏதாச்சும் சாப்புடக் குடுங்கண்ணே, சீக்கிரம்..."

அவர் போனை மேசையில் வைத்துவிட்டுப் போனது கேட்டது. பிறகு மெஷின் இரைச்சல். பிறகு யாரோ கத்தினார்கள். "புடிங்கப்பா... டேய், தலையப் புடி, தலையப் புடி!"

அதோடு லைன் கட்.

திரும்பத் திரும்பப் போட்டேன், யாரும் எடுக்கவில்லை. பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரைக்கும் அந்த பஸ் பயணத்தை இன்றைக்கும் என்னால் முழுதாக நினைக்க முடிவதில்லை. யார் தலை அது? ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை இறங்கும்போதுதான் எடுத்தேன். நான்தான் கொன்றேன், நான்தான் கொன்றேன் என்று மனசு அடித்துக்கொண்டே வந்தது.

ஆலை கேட் வேப்பமரத்தடியில் அப்பா உட்கார்ந்திருந்தார். உயிரோடு. நெற்றியில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. முகமெல்லாம் சிமெண்ட், மீசையில் மட்டும் சர்க்கரை. மயங்கி விழுந்தவருக்கு டீக்கடையிலிருந்து சர்க்கரையை அள்ளி வந்து வாயில் போட்டிருக்கிறார்கள்.

"ஏம் பாப்பா, காலேஜ வுட்டுட்டு வந்துட்ட?" என்றார்.

பக்கத்தில் நின்றவர்தான் பொரிந்து தள்ளினார். "நாங்க மூணு பேரு எங்க சோத்தக் குடுத்தோம்மா. தொட மாட்டேன்னுட்டாரு. 'எம்பொண்ணு அனுப்பிருக்கும், வந்துரும்'னு பஸ்ஸு வர்ற தெசையவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தாரு."

அழுதேன். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்கு அழுதேன்.

இப்போது பெரம்பலூரில் ஒரு காலேஜில் அதே பாடத்தை நான் நடத்துகிறேன். சாப்பாடு ஆர்டர் போட்டால் வண்டி எந்தத் தெருவில் திரும்புகிறது என்பதுவரை போனில் தெரிகிறது. அப்படியும் வந்து சேருகிறவரை வாசலிலேயே நிற்பேன்.

அப்பா என்னோடுதான் இருக்கிறார். இரண்டு வருடமாக மறதி. பாத்ரூம் போய்விட்டு வந்தால் தன் ரூம் எதுவென்று தெரியாமல் ஹாலில் நின்றுவிடுவார். ஒருநாள் வாசல் கதவைத் திறந்துகொண்டு ரோட்டுக்கே போய்விட்டார். என் பெயர்கூடச் சில நாள் வருவதில்லை.

போன மாதம் அவர் ரூம் கதவுப் பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டினேன். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பேக்கிங்கு..." என்று சொல்லிக்கொண்டே நேராக உள்ளே போனார்.

அதுவும் ஒருநாள் மறந்துவிடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. தினமும் காலையில் அந்த முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் காலேஜுக்குக் கிளம்புகிறேன்.