செல்லம்மாவின் பாதிக் காம்பரா

போன வாரம் என் மகன் படம் பிடிக்கிறவரைப் பதுளையில் இருக்கிற எங்கள் கடைக்கே கூட்டி வந்துவிட்டான். பெட்டியை முக்காலியில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தவர் வெளியே வந்து, "அம்மா, கொஞ்சம் நடுவுல வாங்க" என்றார். பெஞ்சில் பாதியை விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேனாம். எனக்கே தெரியவில்லை.

பெட்டிக்குக் காமரா என்று பேர். மாதா கோயில் விளக்குக்கு எண்ணெய் வாங்க வந்து நின்ற இத்தாலி தேசத்துச் சாமியார் அதைக் கேட்டுச் சிரித்தார். அவர் ஊரில் காமரா என்றால் அறையாம். உள்ளே இருட்டறை போல இருப்பதால் பெட்டிக்கும் அதே பேராம். தேயிலைத் தோட்டத்துக் கூலி வரிசை வீடான லயத்தில் ஓர் அறையை நாங்கள் காம்பரா என்கிறோமே, அது போர்த்துக்கேயர் விட்டுப்போன அதே சொல்லாம். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்தான். ஆனால் காதில் விழுந்ததை விடமாட்டேன். போகிறபோது இன்னொன்று சொன்னார்: "ஒரே அறையில படுக்கிற சினேகிதரை நாங்க கமராத்தான்னு சொல்லுவோம். இங்கிலீஷ்ல காம்ரேட்டுங்கிறதும் அதோட சொந்தந்தாம்மா."

சாமியார் போய்விட்டார். என் மனசுக்குள் செல்லம்மா வந்துவிட்டாள்.

நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரே காம்பராவில் அவள் குடும்பமும் எங்கள் குடும்பமும் இருந்தோம். நடுவில் மறைப்பாகத் தொங்கிய சேலை என்னுடையது, கயிறு அவளுடையது. அடுப்புப் புகை மட்டும் பொது. ஒருத்திக்குப் பிரசவமானால் தீட்டுக் கழியும்வரை மற்றக் குடும்பம் வெளித் தாழ்வாரத்தில், இஸ்தோப்பில், படுத்துக்கொள்ளும். அது எங்கள் லயத்து முறை. என் மகன் பிறந்தது ஐப்பசி மழையில். செல்லம்மாவும் புருஷனும் சாரலில் சாக்கைப் போர்த்திக் கிடந்தார்கள். விடிந்ததும் இருமிக்கொண்டே வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போவாள்.

அவள் நிறைமாதமாக இருந்தபோது கங்காணி எங்களுக்குத் தனிக் காம்பரா கொடுத்தார்.

"போக்கா. தனிக் காம்பரா லேசுல கெடைக்குமா? வர்றவுங்க வெளிய படுக்கமாட்டாங்களா என்ன?" என்று அவளே என் சட்டிபானையைத் தூக்கி வந்தாள். சேலையை நான் அவிழ்த்துக்கொண்டேன். கயிறு தொங்கியது.

என் இடத்துக்கு வந்தவர்கள் இந்தியாவிலிருந்து புதிதாக இறங்கியவர்கள், முறை தெரியாது. கூட ஒரு நோயாளிக் கிழவர். அவரை எப்படிச் சாரலில் போடுவது? செல்லம்மாதான் இஸ்தோப்புக்குப் போனாள். அங்கேயே பெற்றாள். கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். "எங்க காம்பராவுக்கு வா, நாங்க வெளிய படுக்கிறோம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புதுச் சுண்ணாம்பு அடித்த காம்பரா அது. பிள்ளை தங்கவில்லை. ஒரு வார்த்தை கேட்காமல் புருஷனோடு மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். கேட்டிருந்தால் தேவலை.

இப்போது அந்த லயமே இல்லை. குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்று புதிதாகக் கட்டிவிட்டார்கள். அடுத்தவளுக்காக மழையில் படுத்தோம் என்றால் என் மருமகள் நம்புவதில்லை. நேற்றுப் படம் வந்தது. நடுவில்தான் இருக்கிறேன். பெஞ்சு முழுக்க நானே.