உப்புக் காட்சி

திரையில் எனக்கு மீசை இருந்தது. ஒரகடம் பக்கம் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியம், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அந்த மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல்களுக்குப் பந்தல் துணி கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள். ஷிப்ட் முடிந்து நேராக வந்தவர்கள் கழுத்து அட்டையைக்கூடக் கழற்றவில்லை.

படம் இரண்டு பேரைப் பற்றியது. வீடு வீடாக ஏறி இறங்கித் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கும் இரண்டு ஆண்கள். வேறு வேறு கம்பெனி. ஒருவன் நுழைந்த தெருவில் மற்றவன் கால் வைக்க முடியாதபடி செய்வதுதான் கதை. அதில் மீசைக்காரன் செய்தவை எல்லாம் ஒரு காலத்தில் நான் செய்தவை.

படத்தை எடுத்தவள் எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் நான்கு பெண்களில் ஒருத்தி. தென்காசிப் பக்கத்துப் பெண். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. லீவு நாட்களில் போனை ஒரு ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டு தோழர்களோடு கிளம்பிவிடுவாள். ரீல்ஸ் எடுக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஒருநாள் எங்கள் கேட்டில் மெஷின் விற்க ஒருவர் வந்தார். அவரிடம் நான் உப்பை வடிகட்டும் மெம்பிரேன் எத்தனை மாதம் தாங்கும், கழிவுத் தண்ணீர் எவ்வளவு போகும் என்று கேட்கக் கேட்க, அவர் பையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார். மாடிப்படியில் உட்கார்ந்து தலை காய வைத்துக்கொண்டிருந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எப்படிக்கா இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கிய?"

"நானும் அதே பொழப்புதான்மா. ஆறு வருஷம் பெல் அடிச்சுக்கினு சுத்துனவ நானு" என்றேன்.

அன்றிலிருந்து அவள் விடவில்லை. வேலை முடிந்து வந்தால் சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வாள். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். யாரும் அந்த ஆறு வருஷத்தைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. இப்போது நான் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் மேற்பார்வை பார்க்கிறேன். அங்கே இருப்பவர்களுக்கு நான் எப்போதும் கேன்டீன்காரிதான்.

என் கணவர் வேலை பார்த்த கம்பெனியில் ஆட்குறைப்பு வந்தபோதுதான் மெஷின் விற்கப் போனேன். புதிது புதிதாக மனைகள் பிரித்து, வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த நேரம். செம்பரம்பாக்கம் ஏரி கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் அந்தத் தண்ணீர் சென்னைக்குப் போகிறது, எங்களுக்கு போர்வெல் தண்ணீர்தான். அதில் பருப்பு வேகாது. ஆகவே எங்கள் பொருளுக்குத் தேவை இருந்தது உண்மை. நாங்கள் அதை விற்ற விதம்தான் பொய்.

இரண்டு டம்ளர் வைப்போம். ஒன்றில் வீட்டுக் குழாய்த் தண்ணீர், ஒன்றில் மெஷின் தண்ணீர். கம்பிகள் பொருத்திய ஒரு சின்னக் கருவியை இரண்டிலும் விட்டு சுவிட்சைப் போடுவோம். ஒரு நிமிஷத்தில் குழாய்த் தண்ணீர் செம்பழுப்பாகி, மேலே நுரை கட்டும். மெஷின் தண்ணீர் அப்படியே இருக்கும். "இதத்தான் உங்க கொழந்த குடிக்குது" என்று மெதுவாகச் சொல்ல வேண்டும். பார்க்கிறவர்கள் அப்போதே விலை கேட்பார்கள். உண்மையில் அது தண்ணீரின் அழுக்கு இல்லை. தண்ணீரில் உப்புச் சத்து இருந்தால் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்புக் கம்பி கரையும். அந்தத் துருவைத்தான் நாங்கள் காட்டினோம். இதை எனக்குப் பயிற்சி கொடுத்தவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

என் போட்டியாளர் வாலாஜாபாத்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சட்டையை இன் பண்ணி, ஷூ பளபளக்க வருவார். அவர் என்னை மேடம் என்பார், நான் அவரை சார் என்பேன். வீட்டுக்காரர்கள் எதிரில் நாங்கள் பேசும் மரியாதையைப் பார்த்தால் ஒரே ஆபீஸ் என்று நினைப்பார்கள். தெருமுனை திரும்பியதும் அவர் என் மெஷினை டப்பா என்று சொல்லிவிட்டுப் போவார். நான் அவர் கம்பெனிக்கு சர்வீஸே கிடையாது என்று சொல்லிவிட்டு வருவேன்.

ஒரு புது அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் ஒரே கம்பெனி மெஷின் வாங்குவதாக முடிவு செய்து, எங்கள் இருவரையும் ஒரே நாளில் வரச் சொன்னார்கள். கார் நிறுத்தும் இடத்தில் மேஜை போட்டிருந்தார்கள். பெண்கள், குழந்தைகள், லுங்கியோடு ஆண்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். அவர் தன் மெஷின் தண்ணீரை பாட்டிலில் கொண்டுவந்திருந்தார். பிளக் எட்டவில்லை என்று நீட்டிப்பு வயர் கேட்க வாட்ச்மேனிடம் போனார். என் பையில் மாங்காய்க்குத் தொட்டுக்கொள்ள மடித்து வைத்த உப்புப் பொட்டலம் இருந்தது. யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்ததாகவும் சொல்ல முடியாது. யாரும் பார்க்காத நேரம் அவருடைய பாட்டில் மூடியைத் திறந்து உப்பைக் கொட்டி, ஒரு குலுக்குக் குலுக்கி வைத்துவிட்டேன்.

அவர் சுவிட்சைப் போட்டார். குழாய்த் தண்ணீரைவிட அவருடைய சுத்தமான தண்ணீர் சீக்கிரம் சிவந்தது. கொப்பளித்தது.

"இன்னாபா, உன் மெஷினு நல்ல தண்ணியவே சாக்கடை ஆக்கிக்கினு கீது!" என்று யாரோ கத்தினார்கள். குழந்தைகள் கை தட்டின. அவர் டம்ளரைக் கொட்டிவிட்டு பாட்டிலிலிருந்து மறுபடி ஊற்றினார். மறுபடியும் சிவந்தது. நெற்றியைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார். நான் அனுதாபமாக முகத்தை வைத்துக்கொண்டேன். அந்தக் குடியிருப்பு முழுக்க எனக்கு வந்தது. ஒரு மாதத்தில் அவர் எங்கள் பக்கம் வருவதே நின்றுபோனது.

இதைத்தான் நான் அந்தப் பெண்ணிடம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். இந்த ஒன்றை மட்டும் நானாகவே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். எப்போது சொன்னாலும் எடுபடும். கதையை எழுதி முடித்ததும், "ரெண்டு பேரையும் ஆம்பளையாக்கிட்டேன்க்கா" என்றாள்.

"ஏம்மா, நான் இன்னா பாவம் பண்ணேன்?"

"பொம்பள ஒருத்தி வெயில்ல பையத் தூக்கிட்டு வீடு வீடா ஏறுதான்னு வச்சா, சனம் பாவம்னு பாக்கும். சிரிக்காது. எனக்குச் சிரிக்கணும்."

எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. ஆனால் படுத்துக்கொண்டு யோசித்தபோது அவள் சொன்னது சரி என்று பட்டது. அந்த ஆறு வருஷத்தில் பாதிக் கதவுகள் பாவம் பார்த்துத்தான் எனக்குத் திறந்தன. நானும் அதைத் தெரிந்தே பயன்படுத்தினேன்.

இனி மண்டபத்துக்கு வருகிறேன். படத்தில் நான் சொல்லாத ஒரு காட்சி வந்தது. எதிராளி மூன்றாவது மாடிக்கு ஏறி வருகிறான். ஒரு வாசலில் மீசைக்காரனின் செருப்பு கிடக்கிறது. இவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஒற்றைச் செருப்பை மட்டும் எடுத்து மொட்டைமாடியில் எறிந்துவிட்டுப் போகிறான். மண்டபம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு ஒருமுறை அப்படி ஒற்றைச் செருப்பு காணாமல் போயிருந்தது. நாய் தூக்கிப் போய்விட்டது என்று நினைத்து, சித்திரை வெயிலில் பஸ் ஸ்டாப் வரை வெறுங்காலோடு நடந்தேன். இது இவளுக்கு எப்படித் தெரியும்?

அடுத்து உப்புக் காட்சி. நாற்காலிகள் குலுங்கின. விசில் பறந்தது. அப்போதுதான் எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு நரைத்த தலை சிரிக்காமல், கழுத்தை நீட்டி, திரையையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். விளக்கு போட்டதும் அவர் எழுந்து திரும்பினார். வாலாஜாபாத்காரர்.

வெளியே டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவரே என்னைத் தேடி வந்தார். இப்போது கம்பெனி பஸ் ஓட்டுகிறாராம். இந்தப் பெண் ஊர் ஊராக விசாரித்துத் தன்னைப் பிடித்துவிட்டாள் என்றார். அவள் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அவரைச் சந்தித்ததை அவள் என்னிடம் சொல்லவே இல்லை.

"மேடம், மொதல்ல ஒரு விசயம். உங்க செருப்பத் தூக்கி மொட்டமாடில போட்டது நான்தான். மன்னிச்சிருங்க" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். சரிக்குச் சரி ஆயிற்று என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

"தண்ணி செவந்ததையும் நான்தான் இந்தப் பொண்ணாண்ட சொன்னேன். ஆனா உப்புன்னு ஒண்ணு சேத்துச்சு பாருங்க, அங்கதான் மூளை. நான்கூட ஒரு செகண்டு ஆடிப்பூட்டேன். நல்ல கற்பனை."

அவள் டீ டம்ளரைப் பார்த்தாள். இரண்டு பேரும் சொன்ன பாதிக் கதைகளைச் சேர்த்து வைத்தவள் அவள். எங்களுக்கு முன்பே அவளுக்கு எல்லாம் தெரியும். இப்போதும் அவள் பேசவில்லை. நானும் பேசாமல் இருந்திருக்கலாம். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

"கற்பன இல்ல சார். நான்தான் போட்டேன்" என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அந்த பாட்டில ரொப்பிக் குடுத்தது யாரு தெரியுமா?" என்றார் கடைசியில். "எங்க மெக்கானிக்கு. என் தெருக்காரன். சின்ன வயசுலேர்ந்து ஒண்ணாத் திரிஞ்சவனுங்க. அந்தாண்ட கம்பெனியோட சேந்துக்கினு எனக்குக் குழி வெட்டிட்டான்னு ஆபீஸ்ல எல்லார் எதிர்லயும் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அவன் அன்னிக்கே வேலைய வுட்டுட்டான். அவன் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட நான் போவல."

நான் சொல்லி வந்த கதையில் மேஜை இருந்தது, டம்ளர் இருந்தது, கை தட்டிய குழந்தைகள் இருந்தார்கள். மெக்கானிக் என்று ஒரு ஆள் இருந்ததே இல்லை.

"எனக்கு பண்ணது போவட்டும் மேடம். அவனாண்ட வந்து சொல்வீங்களா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத்துக்குப் போனேன். அந்தப் பெண்ணும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் காத்திருந்த வாலாஜாபாத்காரர் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டார். மீதி தூரம் நடந்தோம்.

மெக்கானிக் தன் வீட்டு முன்னறையில் எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டிக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள். எங்களைப் பார்த்ததும் கை நின்றது. அப்புறம் மறுபடி கட்ட ஆரம்பித்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். நான் யார், எந்தக் குடியிருப்பு, எப்போது மூடியைத் திறந்தேன் என்பது வரை சொன்னேன். வேறு எங்கே சொன்னாலும் இரண்டு நிமிஷத்தில் முடிகிற கதை அங்கே முடியவே மாட்டேன் என்றது.

அவர் செம்புக் கம்பியைப் பல்லால் இழுத்து இறுக்கினார்.

"இப்ப இன்னாத்துக்கும்மா வந்து சொல்றீங்க?"

"எனக்கு இப்பதான் தெரியும்ணா" என்றேன்.

"நீங்க உப்பு போட்டீங்க. சரி. அது உங்க யாவாரம்." அவர் முதல்முறையாகத் தன் நண்பரை நிமிர்ந்து பார்த்தார். "இவன் என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? ஏண்டா, பாட்டில்ல இன்னாடா ஊத்துனன்னு? அத்தோட முடிஞ்சிருக்கும்."

வாலாஜாபாத்காரர் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து மெக்கானிக்கின் மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். இருவரும் குடித்தோம். கிளம்பும்போது மெக்கானிக், "மெதுவா போங்க" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

நான் போய் உண்மையைச் சொன்னால் இரண்டு பேரும் கட்டிக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறேன். சினிமா பார்த்த புத்தி. மெக்கானிக் மனதில் இத்தனை வருஷமாக இருந்தது பாட்டில் இல்லை, நண்பன் தன்னைக் கேட்காமல் விட்டதுதான். அதற்கு நான் காரணம் இல்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வேனா என்று திரும்பி வரும்போது யோசித்தேன். ஒத்துக்கொள்ள மாட்டேன். முழுக்கக் காரணம் நான்தான் என்று சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெண் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அந்த சீன எடுத்துரட்டுமாக்கா? எனக்கு ரெண்டு பக்கமும் தெரியும். சொன்னா நீங்க ரெண்டு பேரும் வேண்டாம்னுருவியன்னு பயந்துட்டேன்."

"படத்துல இருந்துட்டுப் போவட்டும். ஜனங்க நல்லா சிரிக்கிறாங்க" என்றேன். மனதாரத்தான் சொன்னேன், கோபத்தில் இல்லை. அவள் படத்தை இன்னும் இரண்டு மூன்று இடங்களில் போட்டாள். எல்லா இடத்திலும் அந்தக் காட்சிக்குத்தான் அதிகச் சிரிப்பாம். நான் மறுபடி போய்ப் பார்க்கவில்லை. படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு இப்போது கேன்டீனில் பெண்கள் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள். சொல்ல ஆரம்பித்தால் பாட்டில் மூடிவரைக்கும்தான் வருகிறது, அதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

போன மாதம் வாலாஜாபாத்காரர் போன் செய்தார். அவர் வீட்டு மோட்டார் எரிந்துபோய்விட்டதாம். ஊரில் வேறு ஆள் இருந்தும் அந்த மெக்கானிக்குக்குத்தான் சொல்லி அனுப்பினாராம். அவரும் வந்து கழற்றிக்கொண்டு போய், மூன்றாம் நாள் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தாராம்.

"பேசினாரா சார்?" என்று கேட்டேன்.

"மோட்டாரப் பத்திப் பேசினான் மேடம்" என்றார்.