ஆகட்டும் என்று சொன்ன சனிக்கிழமை

ஓசூரில் நான் உபதேசியாராக இருந்தபோது எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் சம்பள ஆட்கள் மூன்றே பேர். குருவானவர், நான், கூட்டிப் பெருக்கி மணியடிக்கும் ஓர் அம்மாள். குருவானவரை நாங்கள் ஐயர் என்போம். பழைய ஐயர் ஓய்வு பெற்றதும் தெற்கேயிருந்து ஓர் இளைஞர் வந்தார். வந்த முதல் மாதமே எனக்கு அவர்மேல் சந்தேகம் விழுந்தது.

ஒரு திங்கட்கிழமை, வாசல் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாளிடம் அவர் கேட்டார்: "நேத்து உபதேசியார் என்ன பிரசங்கம் பண்ணினாரு?"

அவள் சிரித்தாள். "எனக்கு இன்னா தெரியும் சாமி? நல்லா சத்தமா சொன்னாரு. பூரா நேரமும் நின்னுக்கினே சொன்னாரு, பாவம்."

அவள் வீட்டில் தெலுங்கு. சந்தைத் தமிழ் பேசுவாள். என் பிரசங்கத் தமிழ் அவளுக்கு எட்டவில்லை. பதினைந்து வருஷமாகக் கடைசிப் பாயில் உட்கார்ந்தவள். ஐயர் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு உள்ளே நின்ற எனக்கு, என் வேலையை வேவு பார்க்கிறார் என்று மட்டுமே பட்டது.

அந்த வாரம் சனிக்கிழமை காலை எங்கள் இருவரையும் அழைத்து உட்காரவைத்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு வேதபாடத்தைத் தெலுங்கிலும் வாசிக்கலாம், படிக்கும் காலத்தில் அந்த எழுத்தைக் கற்றிருக்கிறேன் என்றார்.

அம்மாளுக்கு வாய் நிறையச் சந்தோஷம். "உத்தனப்பள்ளியில எங்கண்ணன் வீட்டு ஜனம் இருக்குது சாமி. கோயிலுக்குப் போயி என்னாத்தைக் கண்டேன்னு என்னைப் பார்த்து சிரிக்கிறாங்க. நம்ம பேச்சுல படிக்கிறாங்கன்னா இழுத்தாந்துடுவேன்."

ஐயர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத்தான் இந்த ஊர் தெரியும் உபதேசியாரே. குறை இருந்தா இப்பவே சொல்லிருங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

குறை எனக்குத் தெரிந்தே இருந்தது. அச்சிட்ட வேதத்தின் தெலுங்கு ஆந்திராவில் படித்தவர்களின் தெலுங்கு. எங்கள் ஊர்த் தெலுங்கில் பாதி தமிழ், கால்வாசி கன்னடம். புத்தகத்தை வாசித்தால் இவர்களுக்கு விளங்காது. கதையாகச் சொன்னால் விளங்கும். அந்தக் கதையை நானே சொல்லியிருக்கலாம். அந்தத் தெலுங்கில்தான் இருபது வருஷமாகச் சந்தையில் கத்தரிக்காய் பேரம் பேசினேன்.

"ஆகட்டும் ஐயா" என்றேன்.

மாகாண எல்லைகளைத் திருத்தும் பேச்சு ஓடிய காலம் அது. டீக்கடையில் ஓசூரை ஒருநாள் மைசூருக்குக் கொடுப்பார்கள், மறுநாள் ஆந்திராவுக்கு. இந்த நேரத்தில் இவருக்குத் தெலுங்கு எதற்கு? என் இடத்துக்குத் தெலுங்கு உபதேசியார் ஒருவரைக் கொண்டுவரத்தான் என்று மனம் முடிச்சுப் போட்டது. சபை மூப்பர் ஒருவரிடம், "ஐயர் எந்தப் பக்கம்னு கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று ஓதினேன்.

"அவரையே நேரா கேக்கறதுதானே?" என்றார் மூப்பர்.

"எனக்கெதுக்குங்க வம்பு."

அடுத்த ஞாயிறு அம்மாள் ஒன்பது பேரைக் கூட்டி வந்து முதல் பாயில் உட்காரவைத்தாள். ஐயர் காணாமற்போன ஆட்டின் கதையை எழுத்துக் கூட்டி, பயபக்தியோடு வாசித்தார். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் அவளுடைய அண்ணன் தெலுங்கில் சொன்னது எல்லாருக்கும் கேட்டது: "என்னம்மா இது, தாலுகா ஆபீஸ் நோட்டீஸ் படிக்கிறாரா?" பாய் முழுக்கச் சிரிப்பு. அவன் பேசிய தெலுங்கு எனக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது. அம்மாள் தலை நிமிரவில்லை. ஆராதனை முடியுமுன்பே அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

பிறகு ஐயர் என்னிடம் கேட்டார். "இது அவங்களுக்கு விளங்காதுன்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியாதுங்க ஐயா."

அவர் நம்பினார். பெருக்க வந்தவளிடம் போய்த் தன் தவறு என்று மன்னிப்புக் கேட்டார். தெலுங்குப் பேச்சை அதன்பின் எடுக்கவேயில்லை. ஒன்றரை வருஷத்தில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். ஓசூர் எங்கும் போகவில்லை. என் இடத்துக்கும் யாரும் வரவில்லை.

அம்மாள் மட்டும் அந்த ஞாயிற்றுக்குப் பிறகு ஆராதனைக்கு உள்ளே வரவில்லை. மணியடித்துவிட்டு வெளியே புங்கமரத்தடியில் உட்கார்ந்துகொள்வாள். ஐயர் போன பிறகு ஒருநாள், பெருக்கி முடித்து அங்கே இருந்தவளிடம் சென்று அந்த ஆட்டின் கதையைச் சந்தைத் தெலுங்கில் சொன்னேன். ஆடு எந்த மலைப் பக்கம் போயிற்று, கால் ஒடிந்ததா என்றெல்லாம் கேட்டாள். கதை முடிந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ்ளோ பேச வருதே உங்களுக்கு. அன்னைக்கு எங்கண்ணன் முன்னாடி ஏன் சாமி சும்மா இருந்தீங்க?"

மணியடிக்க நேரமாச்சு என்று சொல்லி எழுந்தேன். அன்று ஆராதனை இல்லாத புதன்கிழமை. அவளுக்கா அது தெரியாது? துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.