குழந்தைக்கும் அத்தாயிக்கும் நடுவில்

யுத்த காலம் அது. புதுச்சத்திரத்து ரோட்டில் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்கள் புகைந்துகொண்டு போகும். அங்கமுத்துவின் மனைவி அத்தாயி தலைச்சன் பெண்ணைப் பெற்றபின் வேறு ஆளாகிவிட்டாள்.

குழந்தை மடியிலேயே வீறிட்டாலும், அது எங்கோ பக்கத்து ஊரில் அழுவதுபோல் அவளுக்குக் கேட்டது. பால் கொடுப்பாள், இது யாருடைய பிள்ளை என்று யோசிப்பாள். வெயில், மாடு, மனிதர் எல்லாமே தண்ணீருக்கடியிலிருந்து பார்ப்பதுபோல மெல்ல நெளிந்தன. கிணற்று மேட்டுக்கு மட்டும் குழந்தையைக் கொண்டுபோக மாட்டாள்.

காற்று பிடித்திருக்கிறது என்றாள் மாமியார். கோடாங்கி வந்து உடுக்கை அடித்து, நீ யார் என்று அதட்டினான். பேயாக இருந்தாலாவது சொல்ல வேறு பெயர் இருந்திருக்கும் என்று தோன்றியது அவளுக்கு.

"நான் அத்தாயிதானுங்க," என்றாள். அதுவும் பேயின் தந்திரமென்று வேப்பிலையால் அடித்தான்.

ஆத்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்த அங்கமுத்துவின் அக்கா, அத்தாயிக்கு நங்கை முறையான மாரக்காள், செய்தி கேட்டு வந்து சேர்ந்தாள். பருத்திக் காட்டில் வெறித்தபடி நின்ற அத்தாயியின் அருகில் போய்த் தானும் சும்மா நின்றாள். வெடித்த பருத்தி வெயிலில் மேகம்போல் மிதந்தது. வெகுநேரம் கழித்துத்தான் கேட்டாள்.

"கெணத்துல புள்ளையப் போட்டுருவமோன்னு நெனப்பு வருதா, சாமி?"

அத்தாயி அப்படியே வரப்பில் உட்கார்ந்தாள். "வருதுங்க நங்கை. நான் பாவிங்க."

"எனக்கும் வந்துச்சு, எம் மூத்தவன் பொறந்தப்ப. ஒருத்தருகிட்டயும் சொல்லாமப் பயந்தே கெடந்தேன். நீ பாவியில்ல."

பிரசவத்துக்குப் பின் அன்றுதான் அத்தாயி அழுதாள்.

இனி உடுக்கைச் சத்தம் கேட்கக்கூடாது, இவளைத் தனியே விடக்கூடாது, பகலிலும் தூங்கவிட வேண்டும் என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, மாரக்காள் அங்கேயே தங்கினாள். பாலுக்கு மட்டும் குழந்தையைக் கொடுப்பாள், பக்கத்திலேயே இருப்பாள். அவள் சொன்னபடி அங்கமுத்து கிணற்றைச் சுற்றி முள் அடைத்தான்.

தெளிவு ஒரே நாளில் வந்துவிடவில்லை. வரும், கலைந்துபோகும். பருத்தி எடுத்து முடிந்த சமயம், குழந்தையைக் குளிப்பாட்டும்போது அதன் இடது காது நுனியில் சின்ன மடிப்பைக் கண்டாள் அத்தாயி. விரலால் நீவிப் பார்த்தாள். தன் அப்பனுக்கும் இதேபோல் மடிப்பு உண்டென்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள். அவர்கள் ஏற்கெனவே பார்த்ததுதான். முதல்முறை பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார்கள்.

சில வருஷங்களுக்குப் பின், இரண்டாவது பிரசவம் நெருங்கியபோது, அவளே புருஷனிடம் பேச்செடுத்தாள்.

"ஏனுங்க, நங்கைய இப்பவே கூட்டியாந்துருங்க. அந்த நெனப்பு மறுக்காவும் வந்தாலும் வரும்."

அங்கமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆத்தூர் பஸ் பிடிக்க ரோட்டுக்கு நடந்தான்.